விரிடியக்கா குடுத்த பொடி

"இல்ல"ங்கிற வார்த்தைய அந்தக்கா வாயால நான் கேட்டதே கிடையாது. பதினோரு வருசப் பழக்கத்துல ஒரு தடவ கூட. உப்பு கேட்டா இருக்கும், ஊசி கேட்டா இருக்கும். நம்ம கேக்கிற சாமான் அது வீட்டுல இல்லைன்னா பக்கத்து வீட்டுல வாங்கியாவது தன் வீட்டுது மாதிரி கொண்டாந்து நீட்டும். பேரு வேணாம். பேரச் சொன்னா சாயல்குடி சுத்துப்பட்டுல பாதிப் பேருக்கு ஆளு தெரிஞ்சிரும். இன்னமும் அந்தக்காவக் கும்பிடுற ஆளுக நெறைய இருக்காக, அவுகளோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்ல. ஊரு வச்ச பேரு விரிடியக்கா. அதுவே போதும்.

நான் அத மொதமொத பாத்தது சாயல்குடி பஸ் ஸ்டாண்டுல. கேரளாப் பக்கமிருந்து ஒரு குடும்பம், கைப்பிள்ளையும் மூட்டையுமா, ஏர்வாடி தர்காவுக்குப் போக நின்னுக்கிட்டு இருந்தாக. பஸ் எப்ப வரும்னு அந்தப் பொம்பள எங்கிட்டக் கேட்டுச்சு. எனக்குத் தெரியாது, தெரியாதுன்னுட்டேன். பக்கத்துல நின்ன இந்தக்கா சட்டுன்னு, "இந்தா, பத்து நிமிசத்துல வந்துரும்"னுச்சு. அந்தப் பொம்பளைக்கு மொகமே தெளிஞ்சு போச்சு.

பத்து நிமிசம் ஆச்சு, அரை மணி ஆச்சு, ஒரு மணி நேரமும் ஆச்சு. பஸ்ஸக் காணோம். அக்கா தன் ஊரு பஸ்ஸ ரெண்டு தடவ விட்டுட்டு அவுக கூடவே நிக்குது. பிள்ளைக்குப் பாலு வாங்கிக் குடுக்குது, மூட்டைய நெழலுக்கு நகத்துது. கடைசியில ஒரு ஆட்டோக்காரரப் பேசி ஏத்திவிட்டுச்சு. அவுக கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போறாக, எனக்குன்னா பத்திக்கிட்டு வருது.

"ஏங்க்கா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதான? அவுக அப்பவே ஆட்டோ பிடிச்சிருப்பாகள்ல" ன்னு கேட்டேன்.

"எப்பிடித் தாயி சொல்றது? கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு நம்ம மொகத்தயே பாக்குது" ன்னுச்சு.

அதக் கேட்டதும் கோவம் போயி எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. என்ன மனசுடா இதுன்னு வீட்டுல வந்து சொன்னேன். எங்க வீட்டுக்காரரு ஷேர் ஆட்டோ ஓட்டுறவரு, நாலு விதமான ஆளுகளப் பாத்தவரு. "அந்த மாதிரி ஆளுகிட்ட வழி மட்டும் கேட்டுராத" ன்னாரு. மனுசன் எதுலயும் நொட்டை சொல்லுவாருன்னு நான் காதுல வாங்கல.

அந்தக்கா மதுரையில ஒரு காலேஜு லேபுல பாட்டில் கழுவுற வேலை பாத்துச்சாம். கழுவக் கழுவ, கண்ணால பாத்தே கத்துக்கிட்டது. கட்டிக்குடுத்த ஊரு எங்க பக்கத்து ஊரு. அங்க திரும்பி வந்ததும், கருப்பட்டி அடுக்குற பழைய ஷெட்டு ஒண்ண வெள்ளையடிச்சு, செடி நோயத் தடுக்கிற நல்ல பூஞ்சைய வளக்க ஆரம்பிச்சிருச்சு. சோளத்த ஊறவச்சு, பாலித்தீன் பையில கட்டி, கல்யாணத்துக்குச் சோறு பொங்குற தண்டிக்கு ஒரு பெரிய குக்கரு வச்சிருந்துச்சு, அதுல வச்சு அவிக்கும். ஆறுன பெறகு, பூஞ்சை வெதைய வச்சிருக்கிற தாய்ப் பாட்டில்ல இருந்து ஒரு துளி எடுத்து உள்ள விட்டு வாயக் கட்டி வச்சிரும். ஒரு வாரம் பத்து நாள்ல வெள்ளைச் சோளம் அம்புட்டும் பச்சைப் பசேல்னு ஆயிரும். அத நெழல்ல காயப்போட்டு அரைச்சு, டால்க் பவுடரோட கலந்தாப் பொடி. டிரைக்கோடெர்மா விரிடின்னு பொட்டலத்துல ஒட்டியிருக்கும். எங்க ஆளுக வாயில நின்னது கடைசி வார்த்தை மட்டுந்தான். அதுல இருந்துதான் விரிடியக்கா.

எனக்கு அந்தப் பொடி எதுக்குன்னா, எங்க அய்யா விட்டுட்டுப் போன மூணு ஏக்கர் மொளகாக் காட்டுக்கு. காடு அண்ணன் பேருல. அண்ணன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசரு. பாடுபடுறது நான். முண்டு மொளகா, மானம் பாத்த வெள்ளாமை. ரெண்டு வருசமா வாடல் நோய் வந்து உசிர வாங்கிக்கிட்டு இருந்துச்சு. சாயங்காலம் பச்சையா நின்ன செடி காலையில தலையத் தொங்கப் போட்டு நிக்கும். பிடுங்குனா வேரு பழுத்து அழுகி, சவசவன்னு கையோட வந்துரும். மருந்துக்கடைக்காரரு குடுத்த மருந்தெல்லாம் ஊத்திப் பாத்தேன். பாதி நிக்கும், பாதி போயிரும்.

அக்காகிட்டப் போனேன். உக்கார வச்சு, காப்பி போட்டுக் குடுத்துட்டுச் சொல்லுச்சு: "வீட்டப் பூட்டிப் போட்டா கண்டவன் வந்து குடியேறிருவான் தாயி. நல்ல ஆளாப் பாத்து முன்னாடியே குடி வச்சிட்டோம்னா, கெட்டவன் வந்தாலும் வாசல்லயே மடக்கித் தின்னுருவான். வேருக்கும் அதே கதைதான்."

ரெண்டு மூட்டை மக்குன கெடை ஆட்டு எருவுல ஒரு பொட்டலம் பொடியக் கலந்து, தண்ணி தெளிச்சு, ஈரச் சாக்கப் போட்டு மூடி, நெழல்ல பதினஞ்சு நாள் வைக்கணும். நடுவுல ஒருக்காப் புரட்டி விடணும். எருக் குமி மேல பச்சை பூத்து வரும். அத அள்ளி, ஈரம் இருக்கையில காட்டுல தூவணும். ரெண்டே ரெண்டு விசயத்த விரல நீட்டிச் சொல்லுச்சு. ஒண்ணு, பொடி போட்ட காட்டுல பூஞ்சை மருந்து ஊத்தக்கூடாது, கெட்டதோட நல்லதும் செத்துப்போகும். இன்னொண்ணு, பொட்டலத்தப் பிரிச்சதும் மோந்து பாக்கணும். "தேங்காத் துருவுன வாசம் அடிச்சா உள்ள உசிரு இருக்குன்னு அர்த்தம். வாசம் இல்லைன்னா வாங்காத. நானே குடுத்தாலும் வாங்காத." இது அது வாயால சொன்னது. நான் சேத்துச் சொல்லல.

அந்த வருசம் ஒரு ஏக்கருக்கு மட்டும் போட்டேன். மத்த ரெண்டு ஏக்கர்லயும் பொக்கை விழுந்த மாதிரி அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு செத்துக் கெடக்க, பொடி போட்ட ஏக்கரு மட்டும் தளதளன்னு நின்னுச்சு. கண்ணாலப் பாத்தேன், கையால வத்தலு பறிச்சேன். சும்மா சொல்லக்கூடாது, அந்தக்காவுக்கு அந்தக் கை ராசி இருந்துச்சு. போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்புனேன். அந்தக்காவுக்கு மொத வத்தல்ல ஒரு மரக்கா கொண்டுபோயிக் குடுத்தேன். வாங்கி அங்கனயே அடுத்தாப்புல வந்த ஆளுகிட்டக் குடுத்துருச்சு, அவுக வீட்டுல வத்தலு இல்லையாம்.

இந்த இடத்துல ரெண்டு சங்கதி சொல்லணும். அப்ப எனக்கு அது சங்கதியாவே படல.

ஒரு ஆவணி மாசம், ஒரே நாள்ல, ஒரே முகூர்த்தத்துல ரெண்டு கல்யாணம். ரெண்டு வீட்டுக்கும், "பந்திய நான் பாத்துக்கிறேன், கவலைப்படாதீக"ன்னு அக்கா வாக்குக் குடுத்திருக்கு. அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு ஆட்டோவுலதான் அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சுச்சு. இங்க சாம்பாரு பத்தல, அங்க எலை பத்தல. ரெண்டு வீட்டுக்காரவுகளும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாக. அக்கா ரெண்டு வீட்டுலயும் ஒரு வாய் சாப்பிடல. எங்க ஆட்டோவுல உக்காந்து பிஸ்கட்டத் தின்னுக்கிட்டு, "ரெண்டு பேரு மனசும் நோகக்கூடாதுன்னு பாத்தேன்" ன்னு சொல்லுச்சு. நாங்க சிரிச்சுக்கிட்டோம்.

இன்னொண்ணு சிரிக்கிற சங்கதி இல்ல. எங்க தெருவுல ஒரு வீட்டுல பசு மாடு வயிறு ஊதிப் படுத்துருச்சு. விரிடியக்காவுக்கு எல்லாம் தெரியும்னு கூப்பிட்டுக் கேட்டாக, பொழைக்குமான்னு. "பொழச்சிரும், பயப்படாதீக" ன்னுச்சு. அவுக மாட்டு டாக்டருக்குப் போன் போட எடுத்த போன கீழ வச்சிட்டாக. மத்தியானத்துக்குள்ள மாடு போயிருச்சு. அந்த வீட்டு அம்மா கூட உக்காந்து, பொழுது சாயிற வரைக்கும் அழுதது இந்தக்காதான். அவுகளே இதுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாப் போச்சு. மாட்டு விசயம் இதுக்கு எப்பிடித் தெரியும், பாவம் நல்லெண்ணத்துல சொல்லிருச்சுன்னு நானும் சேந்துதான் பேசுனேன்.

இப்ப என் கதைக்கு வாரேன்.

எங்க பக்கம் சோலார்காரக வந்தது எல்லாருக்கும் தெரியும். காட்டக் குத்தகைக்கு எழுதிக் குடுத்தா, கம்பி வேலி போட்டு, கண்ணாடிப் பலகையா நட்டுருவாக. முப்பது வருசத்துக்கு. எங்க காட்டுக்கு வடக்கயும் தெக்கயும் எழுதிக் குடுத்தாச்சு, நடுவுல எங்க மூணு ஏக்கர்தான் மொளகா. அண்ணனுக்கும் ஆளு மேல ஆளு போன் போட்டுக்கிட்டே இருந்தாக. அண்ணனுக்கு மக காலேஜுக்குப் போற வயசு, திருப்பூர்ல வாடகை வீடு. அவரயும் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

"ஏத்தா, நோயி வாற காட்ட வச்சுக்கிட்டு எத்தனை வருசம் மாரடிப்ப?" ன்னு கேட்டாரு.

"அண்ணே, ஒரு ஏக்கர் நின்னத போட்டோவுல பாத்தீகள்ல. இந்த வருசம் மூணு ஏக்கருக்கும் பொடி போடுறேன். நிக்கலைன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்க எழுதிக் குடுத்துருங்க."

அண்ணன் "சரி. இந்த ஒரு வெள்ளாமை. நின்னுச்சுன்னா இந்தக் காடு உனக்குத்தான், நான் கேக்க மாட்டேன். இது அய்யா மேல சத்தியம்" ன்னாரு.

அம்புட்டுத்தான். அந்த ஒரு வெள்ளாமையிலதான் எல்லாம் இருந்துச்சு. நான் பொறந்ததுல இருந்து கால் வச்ச மண்ணு, ஒண்ணு என் கையில, இல்ல வேலிக்கு அங்கிட்டு.

புரட்டாசி பொறந்ததும் அக்காகிட்டப் போனேன். ஒண்ணு விடாம எல்லாத்தயும் சொன்னேன். அண்ணன் சொன்னது, சோலாரு, சத்தியம், எல்லாம். சொல்லிட்டு, "அக்கா, ஒருவேளை பொடி இல்லைன்னா இப்பவே சொல்லிரு. பரமக்குடிப் பக்கம் விவசாய ஆபீசுல குடுக்காகளாம், ரெண்டு பஸ் மாறிப் போயி வாங்கியாந்துருவேன். இன்னும் நாள் கெடக்கு, ஒண்ணும் மோசமில்ல" ன்னேன். எந்தக் கோயில்ல வேணும்னாலும் நின்னு சொல்றேன், இப்பிடியேதான் கேட்டேன்.

"உனக்கு இல்லாமயா தாயி" ன்னுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லி, ஆறு பொட்டலம் குடுத்துச்சு. வீட்டுக்கு வந்து பிரிச்சேன். மோந்து பாத்தேன். தேங்கா வாசம் கும்முன்னு அடிச்சுச்சு. முன்ன விடவே தூக்கலா இருந்துச்சு. மனசு நெறஞ்சு போச்சு எனக்கு. அதுக்கு மேல என்ன வேணும்னு அஞ்சு பொட்டலத்த எருவுல கலந்து மூடி வச்சேன், ஒண்ண மிச்சம் பிடிச்சுப் பரண்ல போட்டேன்.

ஒரு வாரம் ஆச்சு, சாக்கத் தூக்கிப் பாத்தேன், பச்சை இல்ல. பத்து நாளு ஆச்சு, இல்ல. போயிச் சொன்னேன். ஆட்டெருவுல சூடு இருக்கும், மேல தெரியாது, உள்ள ஓடும்னுச்சு. நானும் மோந்து பாத்தேனே, வாசம் இருந்துச்சேன்னு நெனச்சுக்கிட்டேன். பதினஞ்சு நாள்ல அள்ளித் தூவிட்டேன். ஐப்பசியில நல்ல மழை. நாத்து பிடிச்சு, செடி முழங்கால் ஒசரத்துக்கு வந்து பூ வச்சுச்சு. அண்ணனுக்கு வாரா வாரம் போட்டோ அனுப்புனேன். ஒரு போட்டோவப் பாத்துட்டு, "அய்யா காலத்துக் காடு மாதிரி இருக்குத்தா" ன்னு அவரு சொன்னதுல எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல, சந்தோசம்.

மார்கழி கடைசியில மேக்கு ஓரமா நாலு செடி தலை தொங்குச்சு.

எங்க வீட்டுக்காரரு பாத்தவுடனே, "கடையில மருந்து வாங்கிட்டு வாரேன், இப்பவே வேர்ல ஊத்திருவோம், பாதியாச்சும் மிஞ்சும்" னாரு. நான் மறிச்சுக்கிட்டேன். உள்ள நல்ல பூஞ்சை உசிரோட இருக்கு, மருந்து ஊத்துனா அது செத்துரும்னு சண்டை போட்டேன். அந்த மனுசன் தலையில அடிச்சுக்கிட்டாரு. எனக்கே பயந்தான். அதனாலதான் ஓட்டமா அக்காகிட்டப் போனேன்.

"நாலு செடி சொணங்கிருச்சுக்கா. மருந்து ஊத்தவா, வேணாமா? நீ ஒரு வார்த்தை சொல்லு, அதுபடி செய்யிறேன்."

அக்கா டால்க் மூட்டையத் தைச்சுக்கிட்டு இருந்துச்சு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுச்சு. திரும்ப மாட்டுச்சு. "பொறு தாயி. நல்லது சண்டை போடயில நாலு செடி போகத்தான் செய்யும். ரெண்டு நாள் பாரு" ன்னுச்சு.

ரெண்டு நாள் பாத்தேன். நாலு, நாப்பதாச்சு. இன்னும் ரெண்டு நாள் பாருன்னுச்சு. அதயும் பாத்தேன். தை பாதிக்குள்ள மூணு ஏக்கரும் காஞ்ச முள்ளு மாதிரி நின்னுச்சு. கடைசியில மருந்து ஊத்துனோம், செத்த பிள்ளைக்குச் சங்குல பாலு ஊத்துன கணக்கா. காட்டுக்குள்ள நின்னு பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தேன். எல்லா வேரும் சவசவன்னு வந்துச்சு. இல்லாத ஒரு உசிரக் காப்பாத்துறதுக்காக, இருந்த உசிரு அம்புட்டயும் நானே நின்னு சாகக் குடுத்திருக்கேன். அது அன்னைக்கு எனக்குத் தெரியாது. ஏதோ என் கை தப்பு, என் எரு தப்புன்னுதான் அழுதேன்.

தெரிஞ்சது ஒரு வாரம் கழிச்சு. அடுப்படிப் பரண்ல எதையோ தேடையில மிச்சம் வச்சிருந்த ஒரு பொட்டலம் கையில தட்டுச்சு. பிரிச்சேன். சிக்கு வாடை அடிச்சுச்சு. பழைய சீப்புல அடிக்குமே, அந்த வாடை. ஒரு நிமிசம் ஒண்ணும் புரியல. அப்பறம் விரல்ல தொட்டுத் தேச்சுப் பாத்தேன், மினுக்குன்னு எண்ணெய்ப் பசை. பூஞ்சைக்கு எங்கிட்டு இருந்து எண்ணெய் வந்துச்சு? அது தேங்கா எண்ணெய். பொடியில உசிரு இல்லைன்னு தெரிஞ்சு, நான் மோந்து பாப்பேன்னும் தெரிஞ்சு, எண்ணெயத் தெளிச்சுப் பிசைஞ்சு குடுத்திருக்கு. மோந்து பாக்கச் சொல்லிக் குடுத்ததும் அதே கைதான. பொட்டலத்த மடிச்சு முந்தியில முடிஞ்சு வச்சேன்.

மறுநாள் காலையிலயே போயி அந்தப் பொட்டலத்த அது முன்னால போட்டேன். சண்டைக்கு ஒரு வாரத்துக்கு வேண்டிய வார்த்தையோட போயிருந்தேன். ஒண்ணுக்கும் வேலையில்லாமப் போச்சு. எதக் கேட்டாலும் ஆமாங்குது.

"இதுல எண்ணெய் கலந்தியா?"

"ஆமா தாயி."

"பொடியில உசிரு இல்லைன்னு தெரியுமா?"

"தெரியும். ரெண்டு வருசத்துப் பழைய பொடி அடியில கெடந்துச்சு, அதக் கலந்தேன். கொஞ்சமாச்சும் இருக்கும்னு ஒரு நப்பாசை."

நடந்தது இம்புட்டுத்தான். அந்தப் பெரிய குக்கர, ஆவணியில ஒரு வீட்டுக்காரக வளைகாப்புக்குச் சோறு பொங்கன்னு கேட்டிருக்காக. தொழிலே அந்தக் குக்கருதான். ஆனா குடுத்துருச்சு. அவுக ஒரு மாசம் வச்சுக்கிட்டாக. இது போயிக் கேக்கவும் இல்ல, கேட்டா அவுகளுக்குச் சங்கடமா இருக்குமாம். சாதாரண அண்டாவுல சோளத்த அவிச்சுப் போட்டிருக்கு. அவிஞ்சது பத்தாம, பை பூராவும் கருப்புப் பூசணம் ஏறி, எல்லாத்தயும் தூக்கிக் கொட்டியிருக்கு. அதே நேரத்துல நாங்க ஒவ்வொருத்தரா வந்து நிக்கிறோம்.

"அத எங்கிட்டச் சொன்னா என்னக்கா? நான் ரெண்டு பஸ் மாறிப் போயிருப்பேன்ல. நாலு செடி சொணங்கையிலயாவது மருந்து ஊத்துடின்னு சொல்லியிருக்கலாம்ல. அன்னைக்குச் சொல்லியிருந்தாக் கூட பாதிக் காடு மிஞ்சியிருக்கும்."

அதுக்கு அழுகை வந்துருச்சு. "அம்புட்டு ஆசையாப் பேசுன. உன் மொகத்தப் பாத்து எப்பிடிச் சொல்லுவேன் தாயி?"

என் மொகத்துக்கு என்னடி வந்துச்சு, என் காட்டப் பாக்க வேண்டியதுதானன்னு கேட்டேன். அந்தக்காவ நான் 'டி' போட்டுப் பேசுனது அன்னைக்குத்தான். அதுக்கும் தலைய ஆட்டுச்சு. அழுகிற ஆளுகிட்ட எம்புட்டுத்தான் கத்துறது? கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அண்ணன் மாசியில வாராரு. அவரு முன்னால வந்து, கோளாறு காட்டுல இல்ல, பொடியிலதான்னு சொல்லு. மண்ணு மேலயோ என் மேலயோ தப்பு இல்லைன்னு சொல்லு. அவரு நியாயமான ஆளு, இன்னும் ஒரு வருசம் குடுப்பாரு.

"வாரேன் தாயி. சத்தியமா வாரேன். நானே சொல்றேன்" ன்னுச்சு.

வந்துச்சு. அதையும் சொல்லணும்ல. கொதிக்கிற வெயில்ல மூணு கிலோமீட்டர் நடந்து, கையில பதநீரு பாட்டிலோட வந்துச்சு. அண்ணன் காட்டு ஓரத்துல, வேலிக்கருவை நெழல்ல நின்னாரு. காட்டப் பாத்துட்டு ஒரு வார்த்தை என்னைய ஏசல. சோலாரு குத்தகைப் பத்திரத்த மடிச்சுச் சட்டைப் பையில வச்சிருந்தாரு, கையெழுத்துப் போடல.

"அண்ணே, இவுகதான் அந்தக்கா. இவுக உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம், கேட்டுட்டு அப்பறம் முடிவெடுங்க" ன்னேன்.

அக்கா வாயத் தொறந்துச்சு. "தம்பி, இந்தப் பொடி..." ன்னு ஆரம்பிச்சுச்சு. அதுக்குள்ள அண்ணன் பேசிட்டாரு.

"அக்கா, நீங்க இதுல வெவரமானவுக. ஒண்ணு மட்டும் கேக்குறேன். அய்யா காட்டக் குடுக்கிறோமேன்னு எனக்கு ராவும் பகலும் உறுத்திக்கிட்டே இருக்கு. மண்ணே செத்துப் போச்சு, இனிமே இதுல எதுவும் வெளங்காதுன்னு எல்லாரும் சொல்றாக. அது நெசம்னா எனக்கு மனசு ஆறிரும். நெசந்தானாக்கா?"

அண்ணனுக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு. அக்கா அவரு மொகத்தப் பாத்துச்சு. நான் அக்காவப் பாத்துக்கிட்டே நிக்கிறேன். என் பக்கம் திரும்பவே இல்ல.

"ஆமா தம்பி. மண்ணு தளந்துதான் போச்சு. நீங்க வெசனப்படாதீக" ன்னுச்சு.

அண்ணன் பெருமூச்சு விட்டாரு. ஏதோ எறக்கி வச்ச மாதிரி தோளு தளந்துச்சு அவருக்கு. "பாத்தியாத்தா, அவுகளே சொல்றாக" ன்னு என் தலையத் தொட்டாரு. அப்பறம்தான் நான் கத்துனேன், பொய் சொல்றா அண்ணே, பொடியில எண்ணெயக் கலந்து குடுத்தவ அண்ணேன்னு. அண்ணன் என்னையப் பாவமாப் பாத்தாரு. காடு போன துக்கத்துல பேசுறேன்னு நெனச்சுக்கிட்டாரு. அக்கா கொண்டாந்த பதநீர வாங்கிக் குடிச்சாரு. அன்னைக்குச் சாயங்காலமே சாயல்குடிக்குப் போயிக் கையெழுத்துப் போட்டுட்டாரு.

அண்ணன் பைக்குல கெளம்புன பெறகு, அக்கா எங்கிட்ட வந்து கையப் பிடிச்சுச்சு. உதறுனேன், திரும்பப் பிடிச்சுச்சு.

"கோவிச்சுக்கிராத தாயி. குக்கர வாங்கிட்டேன். புதுசாப் பை போட்டிருக்கேன், நல்லா பச்சை பிடிச்சிருக்கு. வார புரட்டாசிக்கு மொதப் பொட்டலம் உனக்குத்தான்."

"எந்தக் காட்டுலக்கா போட?"

அதுக்கும் பதில் வச்சிருந்துச்சு. "எங்க ஊருல எங்களுக்கு ஒரு ஏக்கர் கெடக்குல்ல. அதுல பாதிய நீ வச்சுக்க. மொளகாயே போடு. நான் தாரேன்."

அந்த ஏக்கர ஏற்கெனவே அது கொழுந்தன் மகனுக்குக் குடுக்கிறதா வாக்குக் குடுத்தாச்சு. அது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். எதுக்க நின்னு சொல்றவ யாரு, என்ன செஞ்சவன்னும் தெரியும். இம்புட்டும் தெரிஞ்சு, அந்த அரை ஏக்கர்ல எந்தப் பக்கமிருந்து பாத்தி பிடிக்கலாம்னு ஒரு நிமிசம் என் மனசு போச்சு. அது மேல எனக்கு இருக்கிற கோவம் என்னைக்காவது ஆறும். அந்த ஒரு நிமிசம் நான் நம்புனேன் பாருங்க, அதத்தான் என்னால இன்னைக்கு வரைக்கும் மன்னிக்க முடியல.